ரெண்டுன்னா ரெண்டு

“டர்போ பிரஷரை ரெண்டு வை,” என்றான் அவன், காரை என் ஒர்க்‌ஷாப்பில் குறுக்கே நிறுத்திவிட்டு.

“இந்த எஞ்சின் தாங்காது. பிரஷர் மிஞ்சினா வழிவிடத்தான் அந்த வால்வே இருக்கு. அதை இறுக்கினா ஒருநாள் வெடிக்கும்.”

“உன்கிட்ட எதைக் கேட்டாலும் தாங்காதுன்னுதானே சொல்லுவே. ஊர்ல வேற டர்போ கடை இருந்தா உன் வாசலை மிதிப்பேனா? ரெண்டுன்னா ரெண்டு.”

பானெட்டைத் திறந்து வால்வின் நட்டைத் திருகினேன்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவன் கதவை அறைந்து சாத்தினான். “இதுக்கு நத்தை தேவலாம். என்ன பண்ணித் தொலைச்சே?”

“மீட்டர்ல முள்ளு ரெண்டுக்கு வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. அது என்ன ரெண்டு?”

“பி.எஸ்.ஐ.”

“நான் கேட்டது ரெண்டு ‘பார்’. ஒரு பாருக்குப் பதினாலரை பி.எஸ்.ஐ. இதுகூடத் தெரியாமத்தான் வச்சியா?”

“தெரிஞ்சுதான் வச்சேன்.”

என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்க வந்தான். அதற்குள் ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. பையும் பொம்மையுமாக ஓடிவந்த எங்கள் மகள் காரில் ஏறிக்கொண்டாள்.

“அப்பா, போலாமா?”

அவளுக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

“கோர்ட் சொன்னபடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவளைக் கொண்டுவந்து விடுங்க. அப்ப நீங்க கேட்ட ரெண்டை வச்சுத் தர்றேன். திரும்பிப் போறப்ப தனியாத்தானே போவீங்க.”