நாற்பதுக்குக் கீழே

கனிஷ்காவின் கோடு எண்பத்தொன்றில் நின்றது.

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மாத அறிக்கை எழுத வேண்டும். ஏழாம் வகுப்பு, கணக்கு, பின்னங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று கம்ப்யூட்டரே கணித்துக் கோடு போடும். டீச்சரும் பார்க்கலாம். பிள்ளைகளும் பார்க்கலாம்.

நாற்பதுக்குக் கீழே இருந்தால் மாலை வகுப்பு. ஆறு மணி வரை.

ஜூனிலிருந்து கனிஷ்கா முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தொன்பது. மறுபடி முப்பத்தெட்டு.

இரண்டு வாரம் முன்பு வரை ஒருநாளும் நாற்பதைத் தொட்டதில்லை.

டீச்சர்தான் கண்டுபிடித்தாள். முப்பத்தொன்பது வந்ததும் கனிஷ்கா வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாள். கஷ்டமான கணக்கு சரி. சுலபமானது தப்பு.

எழுப்பிக் கரும்பலகைக்கு வரச் சொன்னாள். நான்கு கணக்கு கொடுத்தாள். நான்கும் சரி. அங்கேயே, எல்லோர் முன்னாலும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

கோடு எண்பத்தொன்றுக்குத் தாவியது.

வகுப்பே கை தட்டியது.

"ஏய், இனிமே நாலு மணிக்கே வீடு! ட்ரீட் வைடீ!" என்று கத்தினாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

கனிஷ்கா சிரிக்கவில்லை. கூச்சம் என்று டீச்சர் நினைத்தாள்.

அதற்குப் பிறகு இன்றுதான் கனிஷ்காவின் பக்கத்தைத் திறக்கிறாள்.

பதினோரு பள்ளி நாள். அறுபத்து மூன்று கணக்கு.

அத்தனையும் தப்பு.

அரையையும் அரையையும் கூட்டினால் கால் என்றுகூடப் போட்டிருந்தாள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே கம்ப்யூட்டரின் ஒரே குறிப்பு. 'தெரியும். கவனக்குறைவு.'

கோடு இறங்கவே இல்லை.

பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி. 'இந்தக் கோடு தவறு என்று நினைக்கிறாயா? காரணம் எழுது.'

எந்தப் பிள்ளையும் அதில் எழுதியதில்லை. அதனால் அவளும் திறந்து பார்த்ததில்லை.

திறந்தாள்.

'எனக்கு கணக்கு தெரியாது டீச்சர். அம்மா பனியன் கம்பெனியில இருந்து வர ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் வீட்ல சித்தப்பா மட்டும்தான் இருப்பாரு.'

தேதியைப் பார்த்தாள்.

வகுப்பு கை தட்டிய அதே நாள்.

பதினோரு சாயங்காலம்.

மணி அடித்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பிள்ளைகள் வாசலில் முட்டி மோதி வெளியேறினார்கள்.

கடைசி பெஞ்சில் கனிஷ்கா மட்டும் பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

டீச்சர் எழுந்து போய் அருகில் உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போக வேண்டாம் கண்ணு. இங்கயே இரு."

கனிஷ்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, மேஜை மேலிருந்த திரையைப் பார்த்தாள்.

"இன்னும் எண்பத்தொண்ணுலதானுங்க டீச்சர் இருக்குது."