கீறல் விழுந்த லென்ஸ்

“அசையாதீங்கண்ணே. உங்க மூக்கு எனக்கு ரெண்டாத் தெரியுது.”

கடைக்காரர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். இருபது வருடமாகப் பழைய கேமரா விற்கிறார். வாங்க வருகிறவர்கள் முதலில் தன் முகத்தைத்தான் குறி வைப்பார்கள் என்பது தெரியும். இருந்தாலும் தலைமுடியை ஒரு தடவை தடவி விட்டுக்கொண்டார்.

“வளையத்தை மெதுவாத் திருப்புங்க மேடம். ரெண்டு உருவமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சுன்னா ஃபோகஸ் ஆயிடுச்சு. நான் எவ்வளவு தூரத்துல நிக்கிறேன்னு வளையத்துலயே காட்டும். அதான் ரேஞ்ச்ஃபைண்டர். ஃபிலிம் கேமராவுல, இந்த விலைக்கு, இதை விட்டா வேற கிடையாது.”

அவள் திருப்பினாள். கேமராவை இறக்கி வளையத்தைப் பார்த்தாள். “ஒண்ணரை மீட்டர்.”

“கரெக்ட்! ஆனா வலது கண்ணுல பாருங்க. இடது கண்ணை வெச்சா மூக்கு போய் பின்னாடி நசுங்குது பாருங்க.”

“என் மூக்குதானே, நசுங்கட்டும். எனக்கு இதான் வசதி.”

கூட வந்த தங்கைக்குப் பொறுக்கவில்லை. “போதும், வாக்கா. உனக்கு இனிமே அளவு வராதுன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். டோக்கன் குடுக்கற வேலை குடுத்திருக்காரில்ல? ஃபேனுக்குக் கீழ உக்காந்து நிம்மதியா இருந்துட்டுப் போயேன்!”

“பதினோரு வருஷம் நான் பார்த்த வேலைடி அது! நேத்து வந்தவன் என் இடத்துல உக்காந்திருக்கான், நான் அவனுக்கு டோக்கன் கிழிச்சுக் குடுக்கறேன். வெள்ளிக்கிழமை பரீட்சை, பாஸானா பழைய வேலை, இல்லேன்னா காலம்பூரா டோக்கன். அவரே சொல்லியிருக்கார். விடுவேனா?”

பரீட்சை என்றதும் கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ ஸ்டுடியோ. நாலைந்து படத்தில் ஃபோகஸ் தப்பியிருக்கும். பாவம், ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். முகம் தெரியாத அந்த மேனேஜர் மேல் அவருக்கே எரிச்சலாக வந்தது. கேமராவில் இருந்தது காட்டுவதற்காக மாட்டிய லென்ஸ்; விற்பதற்கு உள்ளே போய் வேறு இரண்டு கொண்டுவந்தார்.

“இது கொஞ்சம் விலை கூட. கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கும். இது பாதி விலை, ஆனா கீறல் விழுந்தது. படம் மங்கலாத்தான் வரும், இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. இரண்டு வளையத்தையும் பார்த்தாள். நல்ல லென்ஸில் எண்கள் பாதி அழிந்திருந்தன.

“கீறல் விழுந்ததையே மாட்டுங்கண்ணே.”

“மேடம், பரீட்சைக்குப் போறீங்க…”

“மாட்டுங்க.”

வாங்குகிறவர் ஒற்றைக்காலில் நின்றால் விற்கிறவர் என்ன செய்வார்? மாட்டிக் கொடுத்தார். அவள் வாசலுக்கு நடந்தாள்.

“படி, படி!” தங்கை முழங்கையைப் பிடித்தாள்.

“தெரியுது, விடு.”

எதிரே ஒரு வேன் நின்றது. அவள் அதை முறைத்துப் பார்த்து, “எட்டு” என்றாள். பிறகுதான் கேமராவைத் தூக்கினாள். வளையம் ஆறு என்றது. “சே!” அடுத்து ஒரு சைக்கிள். “அஞ்சு.” வளையம் நாலு என்றது.

“எதுக்கு மேடம் முதல்ல வாயால சொல்லிக்கிட்டு? அதுவே காட்டுமே!” என்று வாசலில் இருந்து கத்தினார் கடைக்காரர்.

“பேசாதீங்கண்ணே, தப்பிப் போகுது.”

குப்பைத்தொட்டி, விளக்குக் கம்பம், பூட்டிய கதவு, படுத்திருந்த நாய் என்று தெருவில் ஒன்றையும் அவள் விட்டு வைக்கவில்லை. அரை மணி நேரம் ஓடியது. நாலு சொன்னால் ஒன்று தேறியது.

“இன்னும் நாலே நாள்தான்க்கா இருக்கு. நாலு நாள்ல எப்படி வரும்?” தங்கையின் குரல் இறங்கிவிட்டது.

“வரலேன்னா அப்புறம் டோக்கன் கிழிக்கறேன். அதுவரைக்கும் வாயை மூடு. போய் எங்கேயாவது நில்லு. இன்னும் கொஞ்சம் தள்ளி. ம், அங்கேயே.”

தங்கை சுவரோரமாகப் போய் நின்றாள். அவள் தங்கையைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். “மூணு மீட்டர்.”

கேமராவைக் கண்ணில் வைத்து, திருப்பினாள். வளையத்தைப் பார்த்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“மூணாக்கா?”

“மூணேதான்டி! இம்மி பிசகலை! இப்ப வரச் சொல்லு எங்க மேனேஜரை!”

உள்ளே வந்து கேமராவுக்கும் லென்ஸுக்கும் பணத்தை வைத்தாள். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். ஒரு ஃபிலிம் ரோலை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“இது நான் சும்மா குடுக்கறேன் மேடம். இவ்வளவு நேரமா காலி கேமராவைத்தானே வெச்சுப் பார்த்தீங்க, பட்டனைக்கூட அமுக்கலை. வெள்ளிக்கிழமை அந்த ஆளு மூஞ்சியையே பளிச்சுனு எடுத்து அவர் முன்னாடி போடுங்க!”

அவள் ரோலைத் திருப்பி நகர்த்தினாள்.

“படம் எடுக்க யாருண்ணே வந்தா? வலது கண்ணுல பார்வை போய் ஆறு மாசமாச்சு. ஒத்தக் கண்ணால தூரம் பிடிபடலை. அதைப் பழகத்தான் இது.”

கடைக்காரர் ரோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “அப்போ… வெள்ளிக்கிழமை பரீட்சை?”

“குடோன்ல மூட்டை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் காட்டணும்.”