வரிசையில் கடைசி

இரவிலும் வெக்கை தணியாத காலம் அது. குளிரூட்டி தந்த தெருவும் தராத தெருவும் எவ்வளவு நேரம் தூங்குகின்றன என்று நகராட்சி ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் நிரூபணமானால் தராத தெருவுக்கும் குளிரூட்டி வரும். எந்தப் புள்ளியியல் சோதனையில் ஒப்பிடுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பூங்கோதையின் வேலை. வாரம் முழுக்க அதே வேலை பார்த்துக் கண் எரிந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த காசிலிங்கம், குளிரூட்டி இல்லாத தெருக்காரர்.

"சராசரி போட்டுப் பாருங்க மேடம். என் வீட்டுக்காரி அரை மணி நேரம்கூடத் தூங்குறதில்ல. அவ ஒருத்தியே கணக்கை இழுத்துருவா."

"இழுக்காதுங்க. ஒரு எண் அப்படித் தனியா நின்னா மொத்தக் கணக்கும் ஆட்டம் கண்டுரும். நிரூபணமில்லைன்னுதான் வரும். தூங்குற நேரப்படி எல்லாரையும் வரிசையில நிறுத்துற சோதனைதான் உங்க தெருவுக்கு நல்லது."

"அதுல அவ எங்க நிப்பா?"

"கடைசியில."

"பக்கத்து வீட்டுக்காரர் நாலு மணி நேரமாவது தூங்குறாரே. அவருக்கு அடுத்ததா அவ?"

"எவ்வளவு பின்னாலன்னு அந்தச் சோதனை கேக்காதுங்க. கடைசின்னா கடைசி, அவ்வளவுதான்."

அவர் தலையசைத்தார். பூங்கோதை வரிசைச் சோதனையைத் தேர்ந்தாள். சரியான தேர்வுதான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் கணக்கில் எங்கும் வராது.

வித்தியாசம் நிரூபணமானது. தெருவெங்கும் குளிரூட்டி வந்தது. காசிலிங்கம் நன்றி சொல்ல வந்தார்.

"தூங்குறாங்களா?"

"தூங்குறா மேடம். எப்படிக் கெடச்சுதுன்னு கேட்டா. நீ முழிச்சுக் கிடந்த ஒவ்வொரு ராத்திரியையும் கணக்குல சேத்தாங்கன்னு சொல்லிட்டேன்."

பூங்கோதை அதைத் திருத்தவில்லை. அடுத்த தெருக்காரரை உள்ளே வரச் சொன்னாள்.