வேறு தண்ணீர்

கடலைவிட நன்றாகத் தன்னால் பவளம் வளர்க்க முடியும் என்று அவன் சொன்னான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான்.

கடல் ஒழுங்கில்லாதது. மழை பெய்தால் உப்பு குறைந்துவிடும். கப்பல் போனால் கலங்கிவிடும். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இங்கே அப்படியில்லை. இங்கே அவன் இருக்கிறான்.

சோபாவில் உட்கார்ந்திருந்த ஹமீது அண்ணன் தலையாட்டினார். அதே புளோக்கில் சில மாடிகள் கீழே குடியிருப்பவர். அவர் வீட்டிலும் பவளத் தொட்டி உண்டு. அவர் மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

அவன் மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். கடல் பற்றிய இந்த உரையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். சில பகுதிகள் அவளுக்கு மனப்பாடம்.

தொட்டியின் நடுவில் டார்ச் என்ற வகைப் பவளம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரே அடியிலிருந்து பிரிந்த கிளைகள். ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் ஒரு கொத்துப் பச்சை விரல்கள். விரல் நுனியில் பொன் பொட்டு.

அவள் தேர்ந்தெடுத்தது.

கடையில் அவன், பெண் பார்க்க வந்த தாய்மாமன் மாதிரி, ஒவ்வொரு பவளத்தையும் குனிந்து குனிந்து சோதித்துக்கொண்டிருந்தான். அடி வெளுத்திருக்கிறதா. சதை விட்டிருக்கிறதா. அவள் ஓரமாக நின்றுகொண்டு, இது என்னையே பார்க்குது என்றாள். பவளத்துக்குக் கண் கிடையாது என்று அவன் விளக்கத் தொடங்கினான். கடைக்காரர் அதற்குள் அதைப் பையில் போட்டுவிட்டார்.

ஹமீது அண்ணன் வந்த காரியம் சின்னது. பவளம் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செழிப்பாக வரும் பவளத்தில் ஒரு கிளையை வெட்டி இன்னொருவர் வீட்டில் விட்டுவைப்பார்கள். இங்கே போனாலும் அங்கே இருக்கும். உறைமோர் மாதிரி. அண்ணன் எழுந்து வந்து கண்ணாடியில் விரல் வைத்து அந்தப் பவளத்தைக் காட்டினார்.

“நம்ம வீட்லயும் ஒண்ணு கிடக்கட்டுமே தம்பி.”

அவன் சிரித்தான்.

தாலி கட்டும்போதே ஜீவனாம்சம் பேசுவார்களா என்று கேட்டான். தன் தண்ணீர்மேல் நம்பிக்கை இல்லாதவன்தான் பிள்ளையை அடுத்த வீட்டில் தூங்க வைப்பான் என்றான். அதுவும் எந்த வீட்டில்? அண்ணன் தொட்டியை அவன் பார்த்திருக்கிறான். கண்ணாடியெல்லாம் பாசி. கற்கள் சரிந்தது சரிந்தபடி. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பெயர் குட்டை. அதில் தான் கை கழுவக்கூட மாட்டேன் என்றான்.

அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தார். நன்றாக இருந்ததாக அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விரல் பட்ட இடத்தில் கண்ணாடியை அவன் துடைத்தான்.



ஒரு காலை, ஓரக் கிளை விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

தூங்குது என்றான்.

சாயங்காலம் அதிலிருந்து பழுப்பாக ஏதோ வழிந்தது. சளி மாதிரி.

உப்பைப் பார்த்தான். சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. சுண்ணாம்புச் சத்து, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் இருந்தது. திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்தான். இன்னும் சரியாக இருந்தது.

மறுநாள் பக்கத்துக் கிளையும் வழிந்தது.

அழுகியதை வெட்டி எறிந்தால் மற்றது பிழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெட்டினான். அடுத்த கிளை அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அவள் முன்பெல்லாம் வாயில் பிரஷ்ஷோடு வந்து தொட்டி முன்னால் நிற்பாள். இப்போது நேராகச் சமையலறைக்குப் போய்விடுகிறாள், அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல்.

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

கடைசியில் ஒரு கிளை மிஞ்சியது. அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாத மாதிரி.

இந்தத் தண்ணீரில் கிடந்தால் அதுவும் போய்விடும்.

வேறு தண்ணீர் வேண்டும்.

வெட்டினான். மருந்து கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தான். எதில் போட்டுக் கொண்டுபோவது என்று திரும்பினால், சாப்பாட்டு மேசைமேல் ஓர் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. கழுவித் துடைத்து, மூடி பக்கத்தில். அவள் அங்கே இல்லை.

லிஃப்டில் போகவில்லை. குலுங்கும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். படியில் இறங்கினான்.

ஹமீது அண்ணன் கதவைத் திறந்தார். அவன் டப்பாவைப் பார்த்தே பேசினான். மற்றதெல்லாம் செத்துவிட்டது. இதிலும் நோய் இருக்கலாம். உங்கள் தொட்டிக்கும் ஒட்டலாம். வேண்டாம் என்றால் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். படியிலேயே ஒத்திகை பார்த்த பேச்சு.

பேச்சு முடிவதற்குள் அண்ணன் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.

உள்ளே தொட்டி அப்படியேதான் இருந்தது. பாசி. சரிந்த கற்கள். கற்களின் மேலெல்லாம் பவளங்கள், யார் யாரோ கொடுத்தவை, இடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

அண்ணன் ஒரு கல்லைக் காட்டினார். பசையை மாவுபோல் உருட்டி அவன் கையில் கொடுத்தார்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

முழங்கை வரை உள்ளே போனது. கிளையைக் கல்மேல் நிறுத்தினான். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். அது முஷ்டி மாதிரி மூடிக் கிடந்தது. பசை மெல்ல இறுகியது.

“ஒட்டிக்கிச்சு தம்பி. விடலாம்.”

ம் என்றான்.

கையை எடுக்கவில்லை.