சனிக்கிழமைப் பெண்

பனி கொட்டினாலும் சனிக்கிழமை தவறாமல் பெய்ஜ் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்துவிடுவாள். பள்ளியில் கடைசி வருடம். என்னோடு செஸ் ஆடுவாள், பக்கத்து அறை லொரெய்னுக்கு நகப்பூச்சு போட்டுவிடுவாள்.

"காலேஜ்ல முடிவு சொல்லிட்டாங்களா கண்ணு?" என்று லொரெய்ன் வாராவாரம் கேட்பாள்.

"இன்னும் இல்ல லொரெய்ன். மார்க் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. அதுக்கு மேல என்ன செஞ்சேன்னு பார்ப்பாங்களாம். உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் கட்டுரை எழுதி அனுப்பியிருக்கேன்."

"நான் தினமும் ஜெபம் பண்றேன்மா."

பொய்யில்லை. முட்டி வலியோடு அவள் மண்டியிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மார்ச் கடைசியில் பெய்ஜ் ஓடி வந்தாள். "கிடைச்சிருச்சு. எல்லாம் உங்க ஜெபம்தான்."

லொரெய்ன் அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். வெளியே தோழிகள் காரில் காத்திருந்தார்கள். பெய்ஜ் ஒரு கைக்கு மட்டும் அவசரமாகப் பூசிவிட்டு, "மிச்சத்தை அடுத்த வாரம் போட்டுவிடறேன்" என்று கிளம்பினாள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன வருடம் வந்துகொண்டிருந்த காலினும் காலேஜில் இடம் கிடைத்ததோடு நின்றுபோனவன்தான்.

பூசாத கையையே பார்த்துக்கொண்டிருந்த லொரெய்னிடம், "விடு, உன் ஜெபமாவது பலிச்சுதே" என்றேன்.

"எங்க பலிச்சுது ஹார்லன்? அவளுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதானே கேட்டேன்."