பக்கத்து இருக்கையின் பிரேக்

காரின் டாஷ்போர்டில், வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு பள்ளிக்கூட வளைவில் மட்டும் விட்டு விட்டு எரிந்தது. மழையும் இல்லை, மணலும் இல்லை. அவளும் மெதுவாகத்தான் திரும்பினாள்.

மெக்கானிக் அதே வளைவில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"விடாம எரிஞ்சாதான் கோளாறுக்கா. விட்டு விட்டு எரிஞ்சா, வண்டி வழுக்காம இருக்க அதுவே ஒரு சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துதுன்னு அர்த்தம். நான் ஓட்டினப்ப எரியவே இல்ல. ஆனா இடப்பக்க முன்சக்கரத்துல மட்டும் பிரேக் பேடு தேஞ்சு கிடக்கு."

இடப்பக்கம் அவள் கணவர் உட்காரும் பக்கம். அவள் ஓட்டினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். வளைவு வந்தால் போதும், வெறும் தரையை ஓங்கி மிதிப்பார். "அங்க பிரேக் இல்லைங்க" என்று இவள் சிரிப்பாள். அவர் போய் ஒரு வருஷமாகிறது.

"அந்த வசதியையே நிறுத்தி வச்சிடட்டுமாக்கா?"

"வேண்டாம்ப்பா. பேடை மட்டும் மாத்திக் குடு."

வீட்டுக்குப் போகும்போது அந்த வளைவில் கொஞ்சம் வேகமாகவே திருப்பினாள். விளக்கு எரிந்தது.

"அங்க பிரேக் இல்லைங்க" என்றாள்.

காலி இருக்கையின் கீழே, அழுக்குப் படாமலிருக்க மெக்கானிக் விரித்திருந்த வெள்ளைக் காகிதம் ஒரு பாதத்தின் அளவுக்கு நசுங்கியது.