ஒரே ஒரு குச்சி

"ஒண்ணே ஒண்ணா?"

அக்கா நீட்டிய ரோஜாக் குச்சியைத் தங்கை கையால்கூடத் தொடவில்லை.

"ஒண்ணு போதும்டி. நல்லா வரும்."

"செடி புதர் மாதிரி நிக்குது. நாலு குச்சி வெட்டினா குறைஞ்சா போயிடும்? அது அம்மா வெச்ச செடி. அவங்க எனக்கும்தான் அம்மா."

அக்கா குச்சியை ஈரத்துணியில் சுற்றித் தங்கையின் பையில் செருகினாள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. தங்கைக்கு முழங்காலில் விண் விண்ணென்று வலி. அம்மா போன பிறகு பாத்திரம் பிரித்த நாளிலிருந்தே அக்காவுக்கு இந்த இறுகின கைதான் என்று வழிநெடுக மனசு பொருமியது.

வீட்டில் தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு பழைய டப்பாவில் மண்ணைப் போட்டுக் குச்சியைக் குத்திவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். டப்பா நாள் முழுக்க வெயிலில் காய்ந்தது. தள்ளி வைக்க எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பிச்சை போட்ட மாதிரி ஒண்ணு. இதுக்கு உபசாரம் வேறயா!"

சில வாரம் கழித்து அக்காவே போன் செய்தாள்.

"துளிர் விட்டுச்சாடி?"

"காஞ்சு போச்சு. நாலு குடுத்திருந்தா ஒண்ணாவது பிழைச்சிருக்கும். இப்பவாவது மனசு வந்து ரெண்டு வெட்டிக் குடு."



"சரி, விடுடி... உன் கால் வலி எப்படி இருக்கு?"

"பாத்தியா, பேச்சை மாத்தறே! கேவலம் ரெண்டு குச்சி குடுக்க..."

போன் கை மாறியது. அக்காவின் வீட்டுக்காரர் பேசினார்.

"இருந்தாதானேம்மா குடுப்பா? அது ஒட்டுச் செடி, காட்டு ரோஜா மேல நல்ல ரோஜாவை ஒட்டி வளர்த்தது. மேல இருந்த நல்ல ரோஜா பட்டுப் போச்சு. நீ புதர்னு பாத்ததெல்லாம் ஒட்டுக்குக் கீழேருந்து கிளம்பின காட்டு ரோஜா. உங்கம்மா ரோஜாவுல பச்சையா மிஞ்சினது அந்த ஒரு குச்சிதான்."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கடைசிக் குச்சின்னு தெரிஞ்சா வேணாம்னுடுவா, சொல்லாதீங்க. என்னைவிட அவதான் அதைப் பத்திரமா பாத்துக்குவா'ன்னா."